கலத்திற் செலவும் கரணச் சான்றும்

1. முன்னுரை

கடல்வழிச் செலவு மகளிரொடு கூடி நிகழ்வதன்று எனத் தொல்காப்பியனார் அகத்திணையியலில் விதி வகுத்தார். உரையாசிரியர் பிரிவினைக் காலிற் பிரிவு, கலத்திற் பிரிவு எனப் பகுத்து விளக்குவர். தலைவன் கலமேறிச் செல்லத் தலைவி இல்லிருந்து ஆற்றுதல் இலக்கியம் கண்ட நெறி. கி. பி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நெறி உலக வழக்கில் நிலைபெறவில்லை. தமிழகத்துப் பெண்டிர் பல்லாயிரவர் நேட்டாலுக்கும் மொரீசுக்கும் மலாயாவுக்கும் பீஜிக்கும் இலங்கைக்கும் கலமேறினர். அவருள் கணவனோடு சென்றாரும் உளர். முன்னரே சென்ற கணவனைத் தேடிச் சென்றாரும் உளர். துணையின்றித் தனித்துச் சென்றாரும் உளர்.

இம்மூவகையாரையும் நாம் அறிவது பெரும்பாலும் குடியேற்ற ஏடுகள் வாயிலாகவே. அவ்வேடுகளில் ஒருத்தி 'மனைவி' என்றோ 'தனியாள்' என்றோ குறிக்கப்பெறுவாள். வரலாற்றாசிரியர் பலர் அக்குறிப்பை அவளது இல்வாழ்க்கை நிலைக்குச் சான்றாகக் கொள்வர். அக்கோள் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. கடல் கடந்த துணைவனை அடைய ஒரு பெண்ணுக்கு எந்தெந்த வழிகள் திறந்திருந்தன, அவை எப்பொழுது அடைபட்டன, ஒவ்வொரு வழியும் அவளிடம் என்ன சான்று கேட்டது என்பவற்றை முறைப்படக் கண்டால், ஏட்டிலுள்ள 'மனைவி' என்னும் சொல் உறவைக் காட்டுவதினும் அவள் சென்ற வழியையே மிகுதியும் காட்டுகின்றது என்பது விளங்கும்.

2. எலவனாசூர்கோட்டை

ஆராய்ச்சிக்கு ஓர் ஊரை எல்லையாகக் கொள்ளுதல் நலம். எலவனாசூர்கோட்டை உளுந்தூர்ப்பேட்டையினின்று சேலம் செல்லும் பெருவழியில் உள்ளது. கல்வராயன் மலைத்தொடர் இதற்கு மேற்கே உள்ளது. இவ்வூர்க் கோயிற் கல்வெட்டுகள் இதனை இறையானரையூர் என்று வழங்குகின்றன. இறைவன் திருப்பெயர் ஊர்பாகங்கொண்டருளிய மகாதேவர் என்பது. ஊரில் ஒரு பாகத்தைத் தமக்கு உரிமையாகக் கொண்டவர் என்பது இதன் பொருள். இதன் வடமொழியாக்கமே கிராமார்த்தநாதர் என்னும் பெயர். பிற்காலத்தார் அதனை அர்த்தநாரீசுவரர் எனக் கொண்டு, நிலவுரிமை குறித்த பெயரை மங்கைபாகனைக் குறிக்கும் பெயராக்கினர். ஆவணச் சொல் ஒன்றனை, அது எதன்பொருட்டு எழுதப்பட்டது என்று நோக்காது படித்தால் பொருள் திரியும் என்பதற்கு இவ்வூர்ப் பெயரே தக்க சான்றாகும்.

இக்கல்வெட்டுகளில் நிலமும் விளக்கும் தேவதானமும் பதிவாயின. குடிகளின் திருமணம் பதிவாகவில்லை. பதிய வேண்டிய தேவையும் எழவில்லை. பந்தற்கால் நட்டதும், பரிசம் இட்டதும், தாலி கட்டியதும் ஊரார் கண்டவை. ஊரார் நினைவே சான்று. உலகில் வாய்மையும் ஒழுக்கமும் தவறிய பின்னரே சான்றோர் கரணத்தை வகுத்தனர் என்பது தொல்காப்பியக் கற்பியல் தரும் செய்தி. அக்கரணமும் பலர் அறிய நிகழும் சடங்கே. ஓலையில் எழுதி வைக்கும் ஒன்றன்று. கல்வெட்டுகளிற் 'கரணத்தான்' எனப்படுபவன் ஊர்க்கணக்கன். அவன் எழுதியது நிலக்கணக்கு. சடங்காகிய கரணமும் எழுத்தாகிய கரணமும் தமிழகத்தில் நெடுங்காலம் தனித்தனியே நின்றன. இவ்விரண்டையும் ஒன்றாக்குமாறு வற்புறுத்தியது கடல் கடந்த நாடுகளின் குடியேற்றச் சட்டமே.

3. மூன்று துறைமுகங்கள்

எலவனாசூர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவலூர் வட்டத்தைச் சார்ந்திருந்தது. ஒப்பந்தக் கூலிகளை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் தென்னார்க்காடும் ஒன்று. இவ்வட்டாரத்தினின்று கடல் கடக்க விரும்பினார்க்குத் துறைமுகங்கள் மூன்று எட்டும் தொலைவில் இருந்தன. சென்னைத் துறை மொரீசுக்கும் நேட்டாலுக்கும், 1903 முதல் பீஜிக்கும் வழி. நாகைத் துறை மலாயாவுக்கு வழி. புதுச்சேரி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையின், ரீயூனியன், மார்த்தினீக்கு, குவாதலூப்பு ஆகிய தீவுகளுக்கு வழி. இலங்கைக்கோ தெற்கே நெடுந்தூரம் சென்று பாக்கு நீரிணையைக் கடத்தல் வேண்டும். 1914-இல் தனுக்கோடி - தலைமன்னார்க் கப்பற்போக்குவரவு தொடங்கிய பின் அவ்வழி எளிதாயிற்று.

துறை வேறானால் சட்டமும் வேறாம். சென்னையில் ஏறியவள் பிரித்தானிய இந்திய அரசின் குடியேற்றப் பாதுகாவலர் முன் நிறுத்தப்பட்டாள். புதுச்சேரியில் ஏறியவள் 1861-ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சியரும் செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ் வந்தாள். நாகையில் ஏறியவள் பெரும்பாலும் கங்காணி ஒருவன் பின்னே சென்றாள். ஆகவே துணைவன் இருக்கும் நாடு எது என்பதே பெண்ணின் வழியை முதற்கண் அறுதியிட்டது. அவ்வழி கேட்கும் சான்று அதன்பின் வந்தது.

4. கூலியாகச் செல்லும் வழி

1860 நவம்பர் 16-ஆம் நாள் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையினின்று 342 பேரை ஏற்றிக்கொண்டு தர்பன் துறையை அடைந்தது. அன்று முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் ஏறத்தாழ 1,52,000 பேர். ஆண்களையே தோட்ட முதலாளிகள் விரும்பினர். எனினும் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் வீதம் அனுப்புதல் வேண்டும் என இந்திய அரசு விதித்தது. அவ்விகிதம் நிறையும் வரை கப்பல் புறப்படாது. ஆதலின் பெண்ணாள் கிடைத்தல் ஆள்பிடிப்போர்க்கு அரும்பொருளாயிற்று.

இந்நிலையில் தன் கணவன் முன்னரே நேட்டாலுக்குச் சென்றிருக்க, அவனை அடைய விரும்பிய ஒருத்தியின் நிலையை எண்ணுக. அவளுக்கு வழிகள் இரண்டு. பயணச் செலவைத் தானே ஏற்றுச் செல்லுதல் ஒன்று. நிலமற்ற குடிகட்கு அது கைகூடாதது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைந்நாட்டுச் செய்து தானும் கூலியாகச் செல்லுதல் மற்றொன்று. இவ்வழியில் அவள் மனைவி என்று மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. உழைக்கும் உடல்நலம் இருந்தாற் போதும். ஆயின் ஒரே கப்பலில் உடன்வந்த கணவன் மனைவியரைப் பிரிக்காது ஒரு தோட்டத்தில் அமர்த்துவது வழக்கமேயன்றி, தனியே வந்தவளைக் கணவன் வேலை செய்யும் தோட்டத்துக்கே அனுப்புவர் என்ற உறுதி இல்லை. ஊதியம் ஆணுக்குரியதிற் பாதி. அவள் பெயர் கப்பலேட்டில் தனியாளாகவே ஏறும்.

இதற்கு மறுதலையாக, கணவன் இல்லாத பெண்ணொருத்தி ஏட்டில் மனைவியாதலும் நிகழ்ந்தது. துறைமுகத்துக் கூலிக் கூடாரங்களில் வாரக்கணக்கில் காத்திருந்த ஆணும் பெண்ணும் தம்மைத் தம்பதியர் எனக் கூறிப் பதிந்துகொள்வதுண்டு. 'டிப்போத் திருமணம்' என்று இது பெயர்பெற்றது. கப்பலில் ஒருவர்க்கொருவர் காவலாதலும், தோட்டத்தில் ஒரே குடிலைப் பெறுதலும் இதனாற் கிடைக்கும் பயன். இவ்வாறு உண்மை மனைவி தனியாளாகவும் தனியாள் மனைவியாகவும் ஒரே ஏட்டில் அமர்ந்தனர்.

இவ்வேட்டைக் கொண்டு பெண்டிரின் ஒழுக்கத்தை மதிப்பிட்டோர் பலர். 1913-இல் இந்திய அரசு குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பிய மக்நீல், சிம்மன்லால் ஆகிய இருவர் தம் அறிக்கையில், சென்ற பெண்களுள் மூன்றில் ஒரு பங்கினரே கணவரோடு வந்தவர் என்றும், ஏனையோருட் பெரும்பாலார் கைம்பெண்டிரும் கணவரை நீங்கியோரும் என்றும் எழுதினர். அவர்கள் கண்டது மேற்கிந்தியத் தீவுகளையும் பீஜியையுமே. எனினும் அக்கருத்து எல்லா நாடுகளுக்கும் உரியதுபோலப் பரவிற்று. தனியே கலமேறியவள் நெறி பிறழ்ந்தவள் என்னும் எண்ணம் ஊரிலும் வேரூன்றியது. கைம்பெண்களும், கொடுமைக்கு அஞ்சிக் கணவனை நீங்கியோரும் சென்றனர் என்பதை யாம் மறுக்கவில்லை. முன்னே சென்ற துணைவனைத் தேடிச் செல்வோர்க்கெனத் தனி வழியொன்று அக்காலத்து வகுக்கப்படாமையின், அத்தகையாரும் தனியாள் எண்ணிக்கையுள் அடங்கினர் என்பதே யாம் வற்புறுத்துவது.

வழித்தேர்வு வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. நேட்டாலின் 1891-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தக் குடிகள் தம் திருமணத்தைப் பாதுகாவலரிடம் பதிதல் வேண்டும் என்றது. ஊரார் முன் நிகழ்ந்த மணம் அங்கே எழுத்தேறினாலன்றி மணமாகாது. 1895-ஆம் ஆண்டுச் சட்டம், தவணை முடிந்தபின் ஊர் திரும்பாது தங்கியோர்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி விதித்தது. பெண்டிர்க்கும் அவ்வரி உண்டு. பயணச் செலவைத் தாமே ஏற்று வந்தோர்க்கு அது இல்லை. கூலியாகச் சென்றவளைத் தொடர்ந்த கடன் என இவ்வரியைக் கூறலாம்.

5. மனைவியாகச் செல்லும் வழி

கூலி வழி குறுகக் குறுக மனைவி வழி முதன்மை பெற்றது. நேட்டாலின் 1897-ஆம் ஆண்டுக் குடியேற்றத் தடைச் சட்டம் ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதாரைத் தடுத்தது. ஆயினும் நுழையும் உரிமை பெற்றவரின் மனைவிக்கும் இளஞ்சிறார்க்கும் விலக்களித்தது. இவ்விலக்கே பின்னர்ப் பெரும்பூசலுக்குக் காரணமாயிற்று. மனைவி யார் என்னும் வினா அப்பொழுதுதான் நீதிமன்றம் ஏறியது.

1913 மார்ச்சு 14-ஆம் நாள் கேப் மாநில உயர்நீதிமன்ற நடுவர் செர்ல், ஹசன் எசாப் என்பார் இந்தியாவினின்று அழைத்துவந்த பாய் மரியம் என்பாரை மனைவியாக ஏற்க மறுத்துத் தீர்ப்பளித்தார். பலதார மணத்துக்கு இடந்தரும் சமயமுறைப்படி நிகழ்ந்த மணம் அந்நாட்டுச் சட்டத்தின்படி மணமன்று என்பது அவர் காட்டிய காரணம். இசுலாமியர் ஒருவரைப் பற்றிய அத்தீர்ப்பு இந்துக்கள் மணத்தையும் தாக்கிற்று. ஒரே நாளில் தென்னாப்பிரிக்க இந்தியப் பெண்டிர் பெரும்பாலார் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லராயினர்.

அதற்கெதிராக எழுந்தோருள் தமிழ்ப் பெண்டிர் முன்னணியில் நின்றனர். தால்சுதாய்ப் பண்ணையில் வாழ்ந்த மகளிர் குழுவொன்று நேட்டால் எல்லையைக் கடந்து நியூகாசில் நகர் சென்று சுரங்கத் தொழிலாளரை வேலை நிறுத்தத்துக்கு அழைத்தது. அக்குழுவினர் பெரும்பாலும் தமிழரே. அப்போராட்டத்தில் சிறை புகுந்த தில்லையாடி வள்ளியம்மை நோயுற்று 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் இறந்தார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியர் இடர்தீர்ப்புச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கிற்று. ஒரு மனைவியும் அவள் மக்களும் நுழைய இசைந்தது. வரி, மணம் ஆகிய இரண்டும் ஒரே போராட்டத்தில் இணைந்தமை தற்செயலன்று. முன்னது கூலி வழியின் சுமை; பின்னது மனைவி வழியின் தடை.

வெற்றி முழுமையானதன்று. 1918-ஆம் ஆண்டுப் பேரரசு மாநாட்டின் தீர்மானம், குடியேறிய இந்தியர் ஒருவர்க்கு ஒரு மனைவியே அனுமதிக்கப்படுவர் என்றும், அவர் சட்டப்படியான மனைவி என இந்திய அரசு சான்றளித்தல் வேண்டும் என்றும் கூறியது. 1927-ஆம் ஆண்டுக் கேப்டவுன் உடன்பாடு இதனையே மேற்கொண்டது. இதனால் மணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு கடல் கடந்து மனைவியின் ஊருக்கே திரும்பி வந்தது. ஊரார் நினைவில் இருந்த கரணம் அரசு அலுவலர் எழுத்தாக மாறவேண்டியதாயிற்று. இறுதியில் 1953-ஆம் ஆண்டுத் தென்னாப்பிரிக்கச் சட்டம், வெளிநாட்டில் மணந்த மனைவியரை அழைத்துவரும் வழியையே அடைத்தது.

6. மலாயாவும் இலங்கையும்

மலாயாவிலும் இவ்விரு வழிகளும் இவ்வாறே மாறின. அங்கே ஒப்பந்தமுறை 1910-இல் முடிவுற்றது. கங்காணி தன் ஊருக்கே வந்து உற்றாரைத் திரட்டிச் சென்றமையின், குடும்பமாகச் செல்லுதல் சற்று எளிதாயிற்று. கிராம முன்சீபு ஒப்பமிட்டால் நாகைக்கோ ஆவடிக்கோ சென்று கூடாரத்தில் தங்கிக் கப்பலேறலாம். 1911-இல் மலாயா இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்கு 300 அளவினராக இருந்த பெண்கள் 1931-இல் 480 அளவினராயினர். தோட்டத்தில் பால் வெட்டவும் களை எடுக்கவும் பெண்ணாள் வேண்டியிருந்தமையின் மனைவி என்னும் சான்றை எவரும் கேட்கவில்லை. 1938 ஜூன் 15-ஆம் நாள் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்திற்று. கூலி வழி அன்றே அடைபட்டது.

அதன்பின் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த கணவனை அடைய மனைவி வழி ஒன்றே எஞ்சிற்று. 1953 ஆகத்து முதல் நாள் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம் அங்கே வாழ்வோரின் மனைவி மக்களை ஏற்றது. ஆனால் 1959-இல் சிங்கப்பூர்ச் சட்டம் திருத்தப்பட்டது. 1954 திசம்பருக்குப் பின் ஐந்தாண்டு கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவியும், ஆறு வயது நிரம்பிய பிள்ளையும் நுழைதல் ஆகாது என்பது அத்திருத்தம். தமிழ்க் குடும்பங்களின் வழக்கத்தை நோக்க இதன் கடுமை புலனாகும். கணவன் அக்கரையில் ஈட்ட, மனைவி ஊரில் நிலத்தையும் முதியோரையும் காத்தலே அக்காலத்துக் குடும்பநெறி. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை அவன் 'ரஜூலா'க் கப்பலில் வந்து செல்வான். இலக்கியம் கற்பின் பாற்படுத்திப் போற்றிய ஆற்றியிருத்தலையே அச்சட்டம் மணமுறிவுக்குச் சான்றாகக் கொண்டது.

இலங்கையில் தடை வேறு வடிவெடுத்தது. 1949-ஆம் ஆண்டு இந்திய - பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வாழ்ந்திருத்தல் வேண்டும் என்றது. மணமான ஆணின் விண்ணப்பத்தில் மனைவி தொடர்ந்து தீவில் இருந்தமையும் ஆராயப்பட்டது. பிள்ளைப்பேற்றுக்கோ முதியோரைப் பேணவோ மனைவி தாயகம் வந்து நெடிது தங்கினாள் எனின் கணவனின் உரிமையும் ஐயத்துக்குள்ளாயிற்று. எட்டு இலட்சம் பேருக்கு மேல் விண்ணப்பிக்க, ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை மக்களை எண்ணிக்கையாற் பங்கிட்டது. அதன்பின், எந்நாட்டை விண்ணப்பித்தால் குடும்பம் ஒன்றாக நிற்கும் என்று தேர்தல் மலையகத்துத் தம்பதியர் பலர்க்கு வாழ்க்கை வினாவாயிற்று.

7. அண்மைக்காலம்

இவ்வினா பழங்கதையாகிவிடவில்லை. 1979 சனவரியில் இலண்டன் ஹீத்ரோ வானூர்தி நிலையத்தில் இந்திய ஆசிரியை ஒருவர் கன்னிமைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். அங்கு வாழ்ந்த ஒருவரை மணக்க வந்தவர் அவர். மனைவியாக வருவோர் முன்கூட்டியே சான்றிதழ் பெற நெடுங்காலம் காத்திருத்தல் வேண்டும். மணக்க வருவோர்க்கு அத்தடை இல்லை. ஆதலின் அவர் மணமாகாதவர்தாமா என அலுவலர் ஐயுற்றனர். அங்கும் வழியே உறவுக்கு அளவுகோலாயிற்று. ஏட்டால் அறிய இயலாததைப் பெண்ணின் உடலால் அறிய முயன்றனர். செய்தி வெளிவந்தபின் எழுந்த எதிர்ப்பால் அச்சோதனை கைவிடப்பட்டது.

தமிழகத்திலும் எழுத்துச் சான்றின் தேவை பெருகிற்று. சடங்கு நிறைவுறாச் சுயமரியாதைத் திருமணம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1953-இல் கருதிற்று. 1967-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அதற்கு ஏற்பளித்தது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதிதல் வேண்டும் என்றது. இன்று எலவனாசூர்கோட்டைப் பெண்ணொருத்தி சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ உள்ள கணவனை அடைய விரும்பின், பதிவுச் சான்று அவள் கையில் இருக்கும். ஆயினும் கணவனின் ஊதியம் குறிப்பிட்ட வரம்பை எட்டாவிடின் அச்சான்று பயன்படாது. சிங்கப்பூரில் உடலுழைப்பு வேலைக்குரிய அனுமதி பெற்றோர் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள இயலாது. கரணம் எழுத்தேறியபின் ஊதியச் சீட்டு கேட்கப்படுகின்றது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும்.

முதலாவது, பெண் கூலியாக வேண்டப்பட்ட காலத்து அவள் மனைவியா என்று எவரும் வினவவில்லை. கூலியாக வேண்டப்படாத காலத்து மனைவி என்பதற்கு மேன்மேலும் கடிய சான்று கேட்கப்பட்டது. இவ்விரு வழிகளும் ஒருங்கே அகலத் திறந்திருந்த காலம் மிகக் குறுகியது. ஆகவே வழியைத் தேர்ந்தாள் என்று நாம் கூறும்போது, திறந்திருந்த ஒரு வழியிற் புகுந்தாள் என்பதே பெரும்பான்மை பொருளாகும்.

இரண்டாவது, கப்பலேடுகளிலும் குடியேற்றப் பதிவுகளிலும் உள்ள 'மனைவி', 'தனியாள்' என்னும் குறிப்புகளைக் கொண்டு குடும்பநிலையையோ ஒழுக்கத்தையோ அறுதியிடுதல் முறையன்று. தனியாள் எனக் குறிக்கப்பெற்ற முன்னோளை எண்ணி நாணும் வழித்தோன்றல்கள் தர்பனிலும் சுவாவிலும் இன்றும் உளராகலாம். அவள் கணவனைத் தேடி ஐந்தாண்டுக் கூலிக்குக் கைந்நாட்டு வைத்தவளாகவும் இருத்தல் கூடும். ஏடு அதனை மறுப்பதன்று. அதனைச் சொல்ல அவ்வேட்டில் இடமில்லை, அவ்வளவே.

மூன்றாவது, ஏட்டின் குறையை ஊரைக் கொண்டே நிரப்புதல் வேண்டும். எலவனாசூர் போன்ற ஊர்களில் அக்கரைச் சீமை சென்றார் பற்றிய செவிவழிச் செய்திகளும், பழைய மடல்களும், நிலவிற்பனைப் பத்திரங்களும் தேடத்தக்கன. கணவன் சென்ற ஆண்டும் மனைவி சென்ற ஆண்டும் வேறாயின் அதுவே நல்ல தடயம். பழைய பதிவுகளில் 'தென்னார்க்காடு' என்று காணப்படும் மாவட்டம் 1993-இல் பிரிக்கப்பட்டது. இவ்வூர் விழுப்புரம் மாவட்டத்துள் அமைந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துள் உள்ளது. இம்மாற்றங்களை அறியாதார் பழைய பதிவிலுள்ள ஊரை இன்றைய வரைபடத்தில் தேடி மயங்குவர். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரை மேற்கொண்டு, கப்பலேட்டையும் ஊர்ச்செய்தியையும் அருகருகே வைத்து ஆராய்வாராயின், கலத்திற் சென்ற தமிழ்ப் பெண்டிரின் வரலாறு அவர்க்குரிய நேர்மையோடு எழுதப்பெறும்.